கேட்போரும் களனும்: கம்பம் பள்ளத்தாக்கின் அணுக்க இசை குறித்து

செய்யுளுக்குரிய உறுப்புகள் முப்பத்துநான்கனைத் தொகுத்துக் கூறும் தொல்காப்பியர், கேட்போர், களன் என்னும் இரண்டனையும் அவற்றுள் அடுத்தடுத்து வைக்கின்றார். பாடுவோன் ஒருவன் உளனாயின் கேட்போன் ஒருவனும் உளனாதல் வெளிப்படை. வெளிப்படையான ஒன்றைத் தனி உறுப்பாக ஓதியது எற்றுக்கு என மாணவர் வினவுவதுண்டு. தோழி கேட்பத் தலைவி தனக்குத்தானே சொல்லுதல், தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி சொல்லுதல் முதலாய துறைகளை விளக்குதற்கு அவ்வுறுப்பு வேண்டப்பட்டது என்பதே யாம் வகுப்பில் பல்லாண்டு கூறிவந்த விடையாகும். அவ்விடை பிழையுடையதன்று, ஆயினும் நிறைவுடையதென்று கூறுதற்கில்லை. அதன் குறையை எமக்கு உணர்த்தியது உத்தமபாளையத்தில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் சென்ற தைத்திங்களில் நிகழ்ந்த ஒரு மாலைப் பாட்டு.

பாடியவர் சில ஆண்டுகள் சென்னையில் ஒரு ராக் இசைக்குழுவின் முதற்குரலாக விளங்கியவர். குழு கலைந்தபின் பள்ளத்தாக்கிற்குத் திரும்பித் தந்தையாரின் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துவருபவர். அவர் பெயர் ஈண்டு வேண்டப்படுவதன்று. கேட்க அமர்ந்திருந்தோர் முப்பதின்மருக்கு மேற்படார். கருவி ஒரு கித்தார். ஒலிவாங்கி இல்லை, மின்பெருக்கி இல்லை. இசையாராய்ச்சியில் ஈடுபட்ட எம் மாணவர் ஒருவர் அழைத்தமையால் யாமும் ஒரு மூலையில் அமர்ந்திருந்தோம். பாடகர் கண்களை மூடியவாறே ஐந்தாறு பாட்டுக்களைப் பாடினார். குரல் இனிது, பயிற்சியும் உடையது. ஐந்தாம் பாட்டு முடிந்ததும், இளமையில் நாடகக் குழுவொன்றில் ஆர்மோனியப் பெட்டி வாசித்த முதியவர் ஒருவர், “பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. யாருக்குப் பாடுறீக?” என்று கேட்டார். பாடகர் விடை கூறாது நரம்பினை முறுக்கிச் சுருதி சேர்க்கத் தொடங்கினார்.

முதியவரின் வினா ஏளனமாகக் கேட்கப்பட்டதன்று. தொல்காப்பியர் வகுத்த உறுப்பினை அவர் வழக்குமொழியிற் கேட்டார் என்றே எமக்குப் பட்டது.

பேரொலிக் கருவிகளை நீக்கிச் சிறு கூட்டத்தின் நடுவே பாடப்படும் இவ்வகைப் பாட்டினை யாம் அணுக்க இசை என வழங்குவோம். களன் சுருங்குவதாலும் மின்கருவி நீங்குவதாலும் பாடுவோனும் கேட்போனும் தாமே அணுகிவிடுவர் என்பது இதுபற்றி இன்று பரவலாக நிலவும் கருத்து. இது பொருந்துமா என்பதே ஈண்டு எம் ஆராய்ச்சி. இக்காலத்து நிகழ்ச்சிகளுக்குச் செல்லுமுன், தமிழில் இதற்கு அமைந்துள்ள மிகப் பழைய, மிக விரிவான சான்றினை நோக்குதல் தகும். அது சிலப்பதிகாரத்துக் கானல்வரி.

இந்திரவிழா முடிந்த இரவில் புகார்க் கடற்கரையில் திரண்ட மக்களை இளங்கோவடிகள் நேரே காட்டுவதில்லை. அவர்தம் விளக்குகளைக் காட்டுகின்றார். சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, பணியாரம் விற்போர் விளக்கு, மீன் விற்கும் பரதவர் விளக்கு, கலங்கரை விளக்கம் என எண்ணிச் செல்கையில் கடற்கரை முழுதும் ஒளியாலும் ஆரவாரத்தாலும் நிறைந்துவிடுகின்றது. பின்னர் அப்பார்வை ஒரு புன்னை நிழலிற் குவிகின்றது. ஓவிய எழினி சூழ்ந்த சிறு இடம், மேலே விதானம், அமளியின்மேற் கோவலனும் மாதவியும், யாழுடன் நிற்கும் வசந்தமாலை. இன்றைய அணுக்க இசை நிகழ்ச்சியினை அமைப்போர் வேண்டுவன யாவும் ஈண்டு உள்ளன. திரையால் மறைத்த களன், தேர்ந்த சிலரே ஆகிய அவை, கையால் இயங்கும் நரம்புக் கருவி ஒன்று. யாழினைக் கையில் வாங்கிய மாதவி பண்ணல் முதல் குறும்போக்கு ஈறாக எண்வகையாலும் அதனை இயக்கிப் பார்த்த பின்னரே கோவலனிடம் தருகின்றாள். உத்தமபாளையத்துப் பாடகர் நரம்பு முறுக்கியபோது எமக்கு இவ்விடமே நினைவில் எழுந்தது. (கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைத்திலது. இசைநுணுக்கம் இத்துணை செறிந்த காதைக்கு, அந்நுணுக்கங்களை அவரளவு விரித்துரைக்க வல்லார் பிறரில்லாத நிலையில், அவ்வுரை கிடைக்காமை தமிழிசை ஆராய்ச்சிக்குப் பேரிழப்பு.)

கோவலன் பாடுகின்றான். காவிரியை முன்னிலைப்படுத்தியும், கடற்கரை மகளொருத்தியைத் தலைவன் பாராட்டும் கூற்றாகவும் அமைந்தவை அவன் பாட்டுக்கள். வரிப்பாட்டின் மரபு அது. அவனுக்கு வேறு குறிப்பு இருந்ததாக அடிகள் கூறிற்றிலர். மாதவியோ, இவன் நெஞ்சம் பிறளொருத்திபாற் சென்றது எனக் கொள்கின்றாள். யாழை வாங்கி, தானும் வேறொரு குறிப்புடையாள் போலப் பாடுகின்றாள். அவள் பாட்டும் மரபினின்று பிறழ்ந்ததன்று. ஆயினும் கோவலன் அதனை மெய்யெனக் கொண்டு, அவள் கையை நெகிழ்த்து எழுந்து செல்கின்றான். காப்பியத்தின் பெருந்துயர் யாவும் அந்த எழுச்சியினின்றும் தொடங்குகின்றது.

இப்பிரிவுக்கு ஊழ் காரணம் என்பார் அடிகள். யாழிசைமேல் வைத்து ஊழ்வினை வந்து உருத்தது என்னும் அவர் கருத்தினை அறியாதார் இலர். அதனை மறுப்பது எம் நோக்கமன்று. ஊழ் எவ்வழி நுழைந்தது என்பதே எம் வினா. கருவியிற் பிழையில்லை, குரலிற் பிழையில்லை, களனோ மிகப் பொருத்தமானது. கேட்போர் என்னும் உறுப்பு ஒன்றே ஈண்டு முறிந்தது. கோவலன் பாட்டு தனக்கன்று என மாதவி கருதினாள். மாதவி பாட்டு தனக்கன்று எனக் கோவலன் கருதினான். இருவரே உள்ள இடத்தில் இருவரும் தம்மைச் சிறைப்புறத்தாராகக் கொண்டனர். இப்பாட்டுக்களே விழாக்கூட்டத்தின் நடுவே பாடப்பட்டிருப்பின் ஒருவரும் தம்மை நோக்கி ஆராய்ந்திரார்; சேய்மையிற் பாடப்படும் பாட்டு எவரையும் புண்படுத்துவதில்லை. எனவே, களன் சுருங்குதலால் உண்டாவது அணுக்கம் எனற்க. யாருக்குப் பாடப்படுகின்றது என்னும் வினா தப்பிக்க இடமின்றி எழுகின்றது, அவ்வளவே. அதற்கு விடையிருப்பின் பாட்டு அணுகும். இல்லையாயின், முன்னினும் சேய்மைப்படும்.

புன்னை நிழலிற் தொடங்கிய அக்கதை முடியும் இடமாகக் கருதப்படுவது இப்பள்ளத்தாக்கின் தென்தலையில் உள்ள மலையே. கண்ணகி சென்ற வழியை நடந்தே ஆய்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என 1963-இல் கண்டு வெளியிட்டார். ஆண்டுக்கு ஒருநாள், சித்திரை முழுமதியன்று, பள்ளத்தாக்கு மக்கள் அம்மலை ஏறி வழிபடுகின்றனர். கானல்வரியை நெய்தற்பாட்டென்று மட்டும் கருதிப் பழகிய எமக்கு, அதன் விளைவினைக் குறிஞ்சி மக்கள் இன்றும் தெய்வமாகப் போற்றுகின்றனர் என்பது அம்மொட்டைமாடியினின்றும் மலையை நோக்கியபோதுதான் உறைத்தது.

இனி மேலைநாட்டு வழக்கினைச் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி 1989-இல் ‘அன்பிளக்டு’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. மின்கருவிகளாற் புகழ்பெற்ற ராக் இசைவாணர் அவற்றை விடுத்துச் சிறிய அவையிற் பாடுதல் அதன் முறை. ‘க்ரீம்’ முதலிய குழுக்களில் இருந்து பின்னர்த் தனித்துப் பாடிய எரிக் கிளாப்டன் 1992-இல் அம்முறையிற் பாடிய தொகுப்பு உலகெங்கும் பரவியது. ‘லெய்லா’ என்னும் பாட்டினை அவர் 1970-இல் வேறொரு குழுவுடன் பேரொலியோடும் விரைவோடும் பதிவு செய்திருந்தார். 1992-இல் அதனையே நடையைத் தளர்த்தித் தாழ்ந்த குரலிற் பாடினார். ‘நிர்வாணா’ குழு 1993-இல் நியூயார்க்கில் இவ்வாறு பாடியபோது, அதன் பாடகர் கர்ட் கோபேன் தம் கித்தாரினை மின்பெருக்கி வழியே இசைத்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பெயரில் நீக்கப்பட்ட மின்சாரம் மேடையில் முற்றும் நீங்கவில்லை.

கிளாப்டன் பாட்டின் அணுக்கம் எதனால் அமைந்தது? தாழ்ந்த ஒலியால் மட்டும் அன்று என்போம். கேட்போர் இருபதாண்டுகளாகப் பழைய பேரொலியை நெஞ்சிற் சுமந்திருந்தனர். பாடகர் விட்ட இடங்களை அவர்தம் நினைவு நிரப்பியது. சொல் பழையது, ஒலி புதியது. இரண்டற்கும் இடையேயுள்ள வேற்றுமையைக் கேட்போரே உணர்ந்து முடித்தனர். பாட்டின் ஒரு பாதி கேட்போரிடத்து இருந்தது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். முன் கேட்டறியாத புதுப்பாட்டு இவ்வாறு அணுகுதல் கூடாதோ? கூடும். அதற்குத் தமிழிலேயே எடுத்துக்காட்டு உண்டு. இளமையில் சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்னும் ராக் குழுவில் இருந்த ஏ.ஆர். ரகுமான், 2012-இல் அந்நிகழ்ச்சியின் இந்தியப் பகுதியில் தோன்றினார். மறு ஆண்டில் வெளிவந்த ‘கடல்’ என்னும் திரைப்படத்திற்கென அமைத்த ‘நெஞ்சுக்குள்ளே’ என்னும் பாட்டு, படம் வருமுன்னரே, அவ்வரங்கிற் சக்திஸ்ரீ கோபாலன் குரலிற் கேட்கப்பட்டது. கேட்டோர்க்குத் திரைக்காட்சியின் நினைவு இல்லை. பழைய பதிவின் நினைவும் இல்லை. ஆயினும் அது நின்றது. காரணம் அதன் கூற்றில் உள்ளது. தலைவி தலைவனை முன்னிலைப்படுத்திச் சொல்லும் சொல், வட்டார வழக்கு, கடற்கரை மக்களின் வாழ்வு. பாடுவோள் யார், கேட்போன் யார் என்பது முதலடியிலேயே துணியப்படுகின்றது. அவையிலிருந்தோர் அனைவரும் அத்தலைவன் நின்ற இடத்தில் நின்று கேட்டனர். அதற்குச் சொல் அமைத்த வைரமுத்து இத்தேனி மாவட்டத்தார் என்பது தற்செயலாயினும், ‘உம்மை’ என்னும் மதிப்புச்சொல் காதலினூடே வரும் இடங்களில் இப்பகுதிப் பேச்சின் சாயல் தெரிகின்றது என்றே யாம் கருதுகின்றோம். நெய்தற் கூற்றினை மலைநாட்டுப் புலவர் பாடுதல் சங்ககாலத்திலும் புதிதன்று.

இனி, இக்கட்டுரையின் தலையாய பகுதிக்கு வருவோம். மதுரை மாவட்டத்தினின்று தேனி பிரிவதற்கு நெடுங்காலம் முன்னரே, மேற்குமலையின் அடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் ஓர் இசைக்குழு தோன்றியது. பாவலர் வரதராசன் அதன் தலைவர். பாசுகர், இராசையா, அமர்சிங் என்னும் தம்பியர் அதிற் பங்கு கொண்டனர். பிற்காலத்தில் இளையராஜா என உலகறிந்தவர் இராசையா. கங்கை அமரன் என வழங்கப்பெற்றவர் அமர்சிங். இளையராஜா 1943-இற் பிறந்தவர். பதினான்காம் அகவையில் அக்குழுவிற் சேர்ந்து ஏறத்தாழப் பத்தாண்டு ஊரூராகச் சென்றவர். கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைகளே அக்குழுவின் முதன்மையான களம்.

1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தின்பாற் பட்டன. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர். 1958-இல் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. ஆளுங்கட்சியாகிய கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூசு. அவருக்காகப் பாவலர் மலையேறிச் சென்று பாடினார். ரோசம்மா வென்றார். அவ்வெற்றி பாவலருக்கே உரியது என்று அன்றைய முதலமைச்சர் நம்பூதிரிபாடு கூறினார் என்பது பள்ளத்தாக்கில் இன்றளவும் வழங்கும் செய்தி. தேர்தல் வெற்றிக்குக் காரணம் பல இருத்தல் கூடும்; ஒரு பாட்டின் பங்கினை அளந்து கூறும் கோல் இல்லை. ஆயின் ஒரு பாட்டாளரைப் பற்றி இவ்வாறு ஒரு செய்தி பிறந்து நிலைத்தது என்பதே, கேட்டோர் அப்பாட்டினைத் தமக்குரியதாகக் கொண்டனர் என்பதற்குச் சான்று.

யாம் பாவலர் பாடக் கேட்டிலம். எம் தலைமுறைக்கு அப்பேறு இல்லை. முதியோர் கூற்றினின்றும் மேடைப்பாட்டின் பொதுமரபினின்றும் நாம் உய்த்துணர்வன சில உள. மேடைப்பாட்டு பெரும்பாலும் மக்கள் முன்னரே அறிந்த மெட்டிற் புதிய சொல்லை ஏற்றுவது. அம்மெட்டு திரைப்படத்தினதாகலாம், தெம்மாங்காகலாம், நடவுப் பாட்டாகலாம். இது கிளாப்டன் செய்ததற்கு நேர் எதிரானது. அவர் சொல்லை நிறுத்தி ஒலியை மாற்றினார். மேடைப் பாவலர் ஒலியை நிறுத்திச் சொல்லை மாற்றினர். ஆயினும் இருவரும் சாய்ந்து நின்ற தூண் ஒன்றே. அது கேட்போரின் நினைவு. தேயிலை கிள்ளும் பெண் தான் முணுமுணுத்துப் பழகிய மெட்டில் தன் கூலியைப் பற்றிய சொல் வரக் கேட்கின்றாள். பழைய சொல்லை எதிர்நோக்கிய செவியில் புதிய சொல் விழும் அந்நொடியில் அவள் நகைக்கின்றாள், அல்லது சினக்கின்றாள். பாட்டு அவ்விடத்தில் முடிவுபெறுகின்றது.

அங்கே களன் பெரிது, திறந்தவெளி. கூம்பு ஒலிபெருக்கி மேடைக்குத் துணையாக வந்துவிட்ட காலம் அது. இன்றைய கொள்கைப்படி நோக்கின் அது அணுக்க இசைக்கு முற்றும் மாறானது. ஆயினும் யாருக்குப் பாடுகின்றீர் என்று பாவலரை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார். அவ்வினாவுக்கு இடமே இல்லை. மின்பெருக்கி அணுக்கத்திற்குப் பகை என்னும் கொள்கை இவ்விடத்தில் தளர்கின்றது.

கட்சிப் பாட்டில் இலக்கியம் உண்டோ என்று எம்மவருள் சிலர் வினவுவர். தேர்தலோடு பிறந்து தேர்தலோடு மடிந்த பாட்டுக்கள் மிகப்பல என்பதை யாம் மறுக்கவில்லை. எதிர்க்கட்சியின் சின்னத்தை எள்ளுவதோடு அமையும் பாட்டு அச்சின்னம் மறைந்தவுடன் உயிரிழக்கும். ஆனால் புறநானூற்றுள் ஒரு மன்னனின் ஒரு போரினைக் குறித்த பாட்டுக்களும் உள. அவற்றை நிகழ்ச்சிப் பாட்டு என ஒதுக்கினோமா? இல்லை, கேட்போன் இன்னான், களன் இன்னது எனக் கொளுக்கள் கூறுவதனால் அவை மேலும் விளங்குகின்றன என்றே மாணவர்க்குச் சொல்கின்றோம். பாணர்க்கு அளித்த அவ்வுரிமையைப் பாவலர்க்கு அளிக்காமை எம் துறையின் குறை. சொல்லை ஏட்டில் எழுதி வைத்து, யார்முன், எவ்வூரில், எந்த மெட்டிற் பாடப்பட்டது என்னும் குறிப்பினை எழுதாது விடுவோமாயின், கொளு இழந்த புறப்பாட்டுப் போல அது அரைகுறையாகவே எஞ்சும். அக்குறிப்புகளை நினைவில் வைத்திருப்போர் இன்று எண்பது அகவையைக் கடந்தவர். மலைத்தோட்டங்களிலும் அடிவார ஊர்களிலும் ஆங்காங்கே உள்ளனர். ஆய்வாளர் செல்லவேண்டிய இடம் அது.

குழுவின் கருவியாகிய ஆர்மோனியத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பாவிற் பிறந்த இக்கருவியைக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்குமாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாற்றியமைத்தார். சங்கரதாச சுவாமிகள் வளர்த்த நாடகமேடையில் அது இன்றியமையாததாயிற்று. அகில இந்திய வானொலியோ 1940-இல் அதனை விலக்கியது. சுரங்களுக்கு இடையே வழுகிச் செல்லும் கமகத்திற்கு அதன் கட்டைகள் இடந்தரா என்பது காரணம். அவ்விலக்கு 1971 வரை நீடித்தது. பண்ணைப்புரத்துக் குழு மேடை மேடையாகச் சென்ற காலம் முழுதும் அதன் தலைமைக் கருவி வானொலியின் வாயிலுக்குப் புறத்தே நின்றது என்பது பலர் கருதாத செய்தி. இசைநூலார் கூறிய குறை மெய்யே. ஆயினும் அக்குறையாற் பாடகர்க்கு ஒரு பயன் விளைந்தது என்பது எம் கருத்து. பெட்டி வளையாது, எனவே குரல் வளையும் இடம் தெளிவாகக் கேட்கின்றது. நேர்க்கோட்டின் அருகே வரைந்த வளைகோடு போலப் பாடுவோனின் தழுதழுப்பும் வழுவும் மறைக்க இடமின்றி வெளிப்படும்.

இளையராஜா 1968-இற் சென்னையில் தன்ராஜ் என்னும் ஆசிரியரிடம் மேலையிசை பயின்றார், இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் கித்தார்த் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றார், 1976-இல் ‘அன்னக்கிளி’யால் திரையிசைக்குத் தலைவரானார், 2025 மார்ச்சில் இலண்டனில் தம் முழுச் சிம்பொனியினை அரங்கேற்றினார். இவற்றை ஈண்டு விரிப்பது மிகை. பெரும் பல்லியக் குழுவுக்கு இசை எழுதும் இவர் தம் நிகழ்ச்சிகளில் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து தனித்துப் பாடும் இடங்களே நம் ஆராய்ச்சிக்கு உரியன. ‘ஜனனி ஜனனி’ என்னும் பாட்டினை அவ்வாறு பாடி நிகழ்ச்சியைத் தொடங்குவதைப் பலரும் கண்டிருப்பர். குழுவிற் பாடிய இளைஞர் முதுமையில் ஒரு பெட்டியோடு அமரும் காட்சி அது.

அவர் குரல் பாடகர் குரல் என்று சொல்லத்தக்கதன்று. கனத்தது, சில இடங்களிற் கரகரப்பது. ஆயினும் பெட்டியும் அக்குரலும் மட்டும் ஒலிக்கும்போது, வயலின்களும் குழலும் நுழையவேண்டிய இடங்களை அவையோர் தாமே நெஞ்சில் இசைத்துக்கொள்கின்றனர். கிளாப்டன் பாட்டிற் கண்டது இங்கும் நிகழ்கின்றது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்க அரங்கிற் பேரொலி முன்னது, தாழ்குரல் பின்னது. இளையராஜாவிடம் பெட்டியே முன்னது. பல்லியம் பின்னர் வந்தது. அவர் கருவிகளைக் களைவதாகத் தோன்றினும், உண்மையில் தேவிகுளத்து மேடைக்குத் திரும்புகின்றார்.

குறையும் கூறுதல் கடன். பாட்டின் நடுவே நிறுத்தி, இந்தச் சுரம் இவ்வாறு அமைந்தது, இந்த மெட்டு இவ்வாறு பிறந்தது என அவர் விளக்கத் தொடங்குவதுண்டு. இசை மாணவர்க்கு அது பெரும்பேறு. யாமும் அவற்றாற் பயன் கொண்டோம். ஆயினும் விளக்கவுரை மிகும் இடத்தில் கேட்போர் என்னும் உறுப்பு மாறிவிடுகின்றது. பாட்டுக்கு உரியவராய் அமர்ந்திருந்தோர் பாடம் கேட்போர் ஆகின்றனர். தேயிலைத்தோட்டத்து மேடையிற் பாவலர் தம் மெட்டினை விளக்கியிருப்பின் கூட்டம் கலைந்திருக்கும். உரையாசிரியர்களையே வாழ்நாளெல்லாம் கற்கும் எம்போல்வார் இதனைக் குறையெனச் சொல்வது வியப்பாக இருக்கலாம். உரை வேண்டுமிடம் வேறு, பாட்டு வேண்டுமிடம் வேறு.

உத்தமபாளையத்து மாலைக்கு மீள்வோம். சுருதி சேர்த்து முடித்த பாடகர் அடுத்துத் தம் குழுவின் பழைய பாட்டு ஒன்றைத் தொடங்கினார். முரசும் மின்கித்தாரும் முழங்கப் பாடிய பாட்டாம் அது. இப்போது தாழ்ந்த குரலில், கண்களைத் திறந்து, முதியவரை நோக்கிப் பாடினார். இரண்டாம் சரணத்தில் ஓரடி மறந்துவிட்டது. பின்வரிசையில் இருந்த ஓர் இளைஞர், குழுவின் நிகழ்ச்சிகளைக் கல்லூரிக் காலத்திற் கேட்டவர் போலும், அவ்வடியை உரக்க எடுத்துக் கொடுத்தார். அவை நகைத்தது, பாடகரும் நகைத்தார். முன் பாடிய ஐந்து பாட்டுக்களினும் இது குரலாற் சிறந்ததன்று. சுருதியும் ஓரிடத்திற் பிசகியது. ஆயினும் அன்று எம் குறிப்பேட்டில் யாம் எழுதி வைத்தது இப்பாட்டு ஒன்றனையே.

முதியவர் அப்போதும் பாராட்டவில்லை. மறந்த அந்த அடியை இன்னொருமுறை சொல்லுமாறு கேட்டார். பாடகர் கித்தாரைக் கீழே வைத்துவிட்டு அதனைப் பேச்சாகவே சொன்னார். முதியவர் தம் தொடையில் விரல்களால் ஏதோ கட்டைகளை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் ஜீப்புகள் விடியுமுன் புறப்படுமாகலின், மகளிர் சிலர் அதற்குள் எழுந்து படியிறங்கிச் சென்றுவிட்டனர். அவர்களுள் ஒருத்தி அவ்வடியை முணுமுணுத்துக்கொண்டே சென்றாள்.